கோடையில் நிறுத்திவைக்கும் டிராக்டரின் வர்ணத்தைச் சொற்பச் செலவில் காக்கும் முறை

வானம் பார்த்த பூமி மிகுந்த இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் ஜில்லாக்களில் உழவு வேலை ஆண்டு முழுவதும் நடைபெறுவதில்லை. ஆவணி, புரட்டாசி மாதங்களில் தொடங்கும் உழவும் விதைப்பும் தை, மாசியில் அறுவடையோடு முடிகின்றன. அதன்பின் கண்மாய்கள் வற்றி, நிலம் வெடித்துக் கிடக்கும் ஐந்தாறு மாத காலத்தில் டிராக்டர்கள் பல வேலையின்றி நிற்கின்றன. அவை நிற்கும் இடம் பெரும்பாலும் களத்துமேடு, வீட்டு வாசல், தோட்டத்து மூலை ஆகிய திறந்த வெளிகளே.

முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது பழந்தமிழ் நூலோர் கொள்கை. பங்குனி முதல் ஆடி வரையில் நமது கரிசலும், செம்மண்ணும், தூத்துக்குடி ஜில்லாவின் தேரி மணலும் அடையும் நிலை இதுவே. அந்த வெயிலில் நிற்கும் யந்திரத்திற்கு முதலில் கெடுவது அதன் வர்ணமாகும். வர்ணம் கெட்டால் தகடு கெடும். பாங்கிக் கடன் கொண்டு டிராக்டர் வாங்கிய குடியானவருக்குத் தவணை கட்டி முடியுமுன்னரே பானெட் வெளுத்து, மட்கார்டு துருவேறிப் போவது சாதாரணமாகக் காணப்படுகிறது. பிற்பாடு அதை விற்க நேரிட்டால், வாங்க வருபவர் எஞ்சினைத் திறந்து பார்க்குமுன் வெளித்தோற்றத்தைக் கண்டே விலையைக் குறைத்துப் பேசத் தொடங்குவார். ஆகையால் வர்ணத்தைக் காப்பது அழகு சம்பந்தமான விஷயம் என்று எண்ணி அசட்டை செய்தல் கூடாது. அதிகச் செலவின்றி அதைச் செய்யும் வழிகள் இங்கே விவரிக்கப்படுகின்றன.

வர்ணம் எதனால் ஆனது?

டிராக்டரின் தகட்டின்மீது அடிப்பூச்சு ஒன்றும், அதன்மேல் நிறப்பூச்சு ஒன்றும் இருக்கும். சில யந்திரங்களில் இவற்றின்மேல் நிறமற்ற கண்ணாடிப் பூச்சு ஒன்றும் உண்டு. நிறப்பூச்சில் இரு பொருள்கள் முக்கியமானவை. ஒன்று நிறந்தரும் தூள். மற்றொன்று அத்தூளைப் பிணைத்துத் தகட்டோடு ஒட்டவைக்கும் பிசின். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது வஜ்ஜிரம் சேர்ப்பதன் நோக்கம் எதுவோ, அதுவே இப்பிசினின் வேலையும். இது உறுதியாக உள்ளவரையில் நீரும் காற்றும் இரும்பை அணுகுவது கடினம். பிசின் அழிந்தால் தூள் மட்டும் நிற்கும். தூள் இரும்பைக் காக்காது.

பழைய டிராக்டரின் பானெட்டை ஈர விரலால் தேய்த்தால், விரலில் சிவப்பாகவோ நீலமாகவோ பொடி ஒட்டுகிறதல்லவா? அது பிசின் அழிந்து தூள் விடுபட்டதன் அடையாளம். இதனைச் சுண்ணம் பூத்தல் என்று கூறலாம்.

வெயில் செய்யும் கேடு

பூமியை வந்தடையும் சூரிய சக்தியில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கிரணங்கள். இவை உஷ்ணத்தைத் தருவன. மீதியில் பெரும்பகுதி நாம் காணும் ஒளி. நூற்றுக்கு ஐந்து பங்கு அளவேயுள்ள எஞ்சிய பகுதி புற ஊதாக் கிரணங்கள் எனப்படும். பங்கு சிறிதாயினும் கேட்டில் பெரியவை இவையே. பிசினின் அணுப்பிணைப்புக்களை அறுக்கும் வலிமை இவற்றிற்கு உண்டு. அறுந்த இடத்தில் பிராணவாயு கலந்து, அறுபடுதல் மேலும் பரவுகிறது. சிவப்பு வர்ணங்களில் பல, நிறத்தையும் விரைவில் இழக்கின்றன.

இத்துடன் உஷ்ணமும் சேர்கின்றது. கறுப்பு அல்லது கருநீலம் பூசிய தகடு கோடைப் பகலில் 70 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் சூடேறக்கூடும். கை வைக்க முடியாததை எவரும் அறிவர். இரசாயன மாறுதல்கள் உஷ்ணம் 10 டிகிரி உயர்ந்தால் ஏறத்தாழ இரு மடங்கு வேகமாக நடைபெறும் என்பது பொதுவான கணக்கு. எனவே நிழலில் மெதுவாக நிகழும் அழிவு, வெயிலில் சூடேறிய தகட்டில் பல மடங்கு துரிதமாகும்.

மூன்றாவது காரணம் பலர் கவனத்திற்கு வருவதில்லை. அது இரவுப் பனி. இரவில் தகடு தன் வெப்பத்தை வானத்தை நோக்கி வெளிவிட்டு, சுற்றிலுமுள்ள காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடுகிறது. அதனால் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் முத்து முத்தாகப் படிகிறது. மாசி மாத விடியற்காலையில் பானெட்டின்மேல் கை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். பகலில் விரிந்து இரவில் சுருங்கும் வர்ணத்தில் நுண்ணிய வெடிப்புக்கள் விழ, அவற்றின் வழியே இந்நீர் உட்சென்று இரும்பைத் தொடுகின்றது. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக் கொள்வதால், மேலேயுள்ள நல்ல வர்ணத்தையும் நெட்டித் தூக்கி உரித்துவிடும். வர்ணங்களைச் சோதிக்கும் சாலைகளில் ஒரு பெட்டிக்குள் சில மணி நேரம் புற ஊதா விளக்கொளியும், சில மணி நேரம் நீராவிப் பனியும் மாறி மாறிப் படும்படி யந்திரம் அமைத்துள்ளனர். வெயிலும் ஈரமும் கூடிச் செய்யும் வேலையை விரைவில் காண்பதற்காகவே அவ்வாறு செய்கின்றனர்.

பாலைவன தேசத்தில் காணும் பாடம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் கடும் பாலை வெயிலுக்குப் பெயர் பெற்றது. வர்ணம் செய்யும் கம்பெனிகள் வர்ணம் பூசிய தகடுகளை அங்கே வெட்டவெளியில் வைத்துச் சோதிப்பது நெடுநாளைய வழக்கம். வெயிலோடு ஈரமும் கூடிய சோதனைக்கு அதே தேசத்தின் ஃப்ளோரிடா மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

அரிசோனாவில் டூசான் நகரை அடுத்த டேவிஸ்-மாந்தன் விமானப்படைத் தளத்தில், இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் 1946-ம் ஆண்டு முதல், உடனடி வேலையில்லாத விமானங்களைத் திறந்த வெளியில் நிறுத்திவைக்கும் ஏற்பாடு இருந்து வருகிறது. ஆயிரக்கணக்கான விமானங்களுக்குக் கொட்டகை கட்டுவது இயலாத காரியம். மழை குறைந்த, காற்று உலர்ந்த, தரை இறுகிய இடமாதலால் துருவின் தொல்லை அங்கே சொற்பம். எஞ்சி நிற்பது வெயிலின் தொல்லையே. அதற்கு அவர்கள் கையாளும் முறை கவனிக்கத்தக்கது. முதலில் விமானத்தை நன்றாகக் கழுவி, உப்பையும் அழுக்கையும் போக்குகின்றனர். பிறகு தூசி புகும் துவாரங்களையும் கண்ணாடிகளையும் மூடுகின்றனர். அதன்மேல், பின்னால் உரித்தெடுக்கக் கூடிய ஒருவகை பிளாஸ்டிக் பூச்சைத் தெளிக்கின்றனர். உட்பூச்சு கறுப்பு, வெளிப்பூச்சு வெள்ளை. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பியனுப்புவதால் உள்ளே உஷ்ணம் அதிகம் ஏறுவதில்லை.

அத்தகைய பூச்சு நமக்கு வேண்டுவதில்லை. ஆனால் அதிலுள்ள வரிசை நமக்கும் பொருந்தும்: முதலில் சுத்தம், அடுத்து மூடல், மேற்புறம் வெளிர் நிறம். நமது நிலைமையில் ஒரு வித்தியாசத்தையும் மறக்கலாகாது. அங்கே காற்று உலர்ந்தது. நமக்கோ வெயிலோடு பனியும், கடலோரங்களில் உப்புக்காற்றும், கோடை மழையும் உண்டு. எனவே நாம் வெயிலை மறைக்கும்போதே காற்றோட்டத்தையும் விடவேண்டும். இந்த ஒன்றை மறந்து செய்யும் பாதுகாப்பு, பாதுகாப்பின்மையைவிடக் கெடுதலாகவும் முடியலாம்.

நிழலே முதல் மருந்து

கையிலுள்ள பணம் கொஞ்சமாயின் அதனை முதலில் நிழலுக்கே செலவிட வேண்டும். விலையுயர்ந்த மெழுகும் பாலிஷும் வெயிலில் நிற்கும் வண்டிக்குச் செய்யும் நன்மை சிறிது. நிழலோ கிரணத்தையும் உஷ்ணத்தையும் பனியையும் ஒருங்கே குறைக்கிறது. கூரைக்கு அடியில் உள்ள தகடு இரவில் வானத்தை நேரே நோக்காததால், அதன்மீது பனி படிவதும் குறைவு.

சாதாரண டிராக்டர் ஒன்று 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ளது. அதற்கு 18 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட பந்தல் போதுமானது. ஓரத்தில் 8 அடியும் நடுவில் 10 அடியும் உயரம் இருக்கலாம். மேற்கூரையுள்ள டிராக்டராயின் அதன் உயரத்தை அளந்து, அதற்கு மேல் 2 அடியாவது இடைவெளி விடுக.

நமது ஜில்லாக்களில் சீமைக்கருவேல் மரத்திற்குப் பஞ்சமில்லை. நேரான கவைக் கம்புகளாக ஆறு தேர்ந்து, பட்டையை உரித்து, மண்ணுக்குள் செல்லும் 2 அடிப் பகுதியை நெருப்பில் மேலாகக் கருக்கித் தார் பூசி நட்டால், கறையான் எளிதில் பற்றாது. மேலே பனையோலையோ தென்னங்கீற்றோ வேயலாம். ஓலைக்கூரை வெப்பத்தைக் கீழே விடாது. தகரக்கூரையோ தானும் சூடேறிக் கீழேயும் வெப்பத்தை வீசும். தகரம் ஏற்கெனவே கையில் இருந்தால், மேற்புறத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து உபயோகிக்கலாம்.

ஓலை கிடைக்காத இடங்களில் நாற்றங்கால்களுக்குப் பயன்படும் நிழல்வலையே தகுந்தது. 50 சதவிகித வலை நாற்றுக்குப் போதும், டிராக்டருக்குப் போதாது. 75 சதவிகித வலையை இரண்டு மடிப்பாகவோ, 90 சதவிகித வலையை ஒரு மடிப்பாகவோ கட்டவேண்டும். வலையின் ஊடே காற்று செல்வதால் அடியில் புழுக்கம் சேராது. வாங்கும்போது வெயில் தாங்கும் மருந்து சேர்த்ததா என்று விசாரித்து வாங்குக. அம்மருந்து சேராத வலையும் பாயும் அதே புற ஊதாக் கிரணங்களால் விரைவில் நைந்து, துகளாகி நிலத்தில் கலக்கும்.

பந்தலின் திசையையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சிக்கு வருகின்றது. சென்னையில் ஏப்ரல் 24-ம் தேதியை ஒட்டியும், ஆகஸ்டு 18-ம் தேதியை ஒட்டியும் உச்சிப்பொழுதில் நிழல் விழுவதில்லை. இராமநாதபுரத்தில் சித்திரைப் பிறப்பை ஒட்டியும், ஆகஸ்டு மாதக் கடைசியிலும் இவ்வாறு நிகழும். ஆகவே கோடையின் நண்பகல் வெயிலைத் தடுப்பது கூரை ஒன்றே. காலையிலும் மாலையிலும் வெயில் பக்கவாட்டில் பாயும். பந்தலின் நீளத்தைக் கிழக்கு மேற்காக அமைத்தால், வெயில் நுழையும் பக்கங்கள் குறுகியவையாக இருக்கும்.

பக்கச் சுவர் ஒன்றுக்குத்தான் பணமுண்டு என்றால் அது மேற்குப் பக்கமாக இருக்கட்டும். பிற்பகல் வெயிலையும், ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து மணலை வாரிவரும் காற்றையும் ஒரே ஓலைத் தட்டி தடுத்துவிடும். தேரிப் பிரதேசங்களில் இத்தட்டி மிகவும் அவசியம். காற்றோடு வரும் மணல் உப்புத்தாளைப்போல் வர்ணத்தை அராவிவிடும். ஆடிக்காற்றில் கூரை பறக்காதவாறு நான்கு மூலைகளிலும் முளையடித்துக் கயிற்றால் இழுத்துக் கட்டுக.

ஓலைப்பந்தலில் நெருப்பு அபாயம் உண்டென்பதை நினைவிற் கொள்ளவேண்டும். டிராக்டரின் புகைக்குழாயிலிருந்து பொறி பறக்கலாம். எஞ்சினைக் கிளப்பியவுடனே வண்டியை வெளியே கொண்டுவந்து விடுவதும், வேலை முடிந்து வந்தால் சூடு ஆறிய பிறகே உள்ளே நிறுத்துவதும் நலம். வைக்கோற்போரை அருகில் போடலாகாது. நெருப்புக்கு அஞ்சுவதோடு, எலி குடிபுகுந்து மின்கம்பிகளைக் கடிப்பதற்கும் அஞ்சவேண்டும்.

மரநிழல்

பந்தல் போட வசதியற்றவர் மரநிழலை நாடுவது இயல்பு. வெயிலை மரம் தடுக்கும் என்பதில் ஐயமில்லை. எனினும் பறவை எச்சம், பிசின், பூச்சிகள் சொரியும் தேன்கசிவு, அதன்மேல் படரும் கரும்பூசணம் ஆகியவை வர்ணத்தைக் கறைப்படுத்தும். பறவை எச்சத்தில் உள்ள அமிலம் சூடான வர்ணத்தில் படிந்து காய்ந்தால், நிலையான தழும்பை உண்டாக்கும். அதனை அன்றன்றே ஈரத்துணியால் ஊறவைத்து அகற்றுக. காய்ந்ததைச் சுரண்டுதல் கூடாது. மரத்தடியில் நிறுத்துவோர் கிளைகளுக்குக் கீழே நிழல்வலையையும் கட்டிவிட்டால் மேற்சொன்ன தொல்லைகள் பெரிதும் தீரும். தென்னை மரத்தடியை அறவே விலக்குக. மட்டையும் காயும் விழும்.

கழுவும் முறை

அறுவடை முடிந்ததும், நிறுத்திவைக்கு முன்பாக, டிராக்டரையும் டிரெய்லரையும் முழுதும் கழுவவேண்டும். சேறு, சாணம், மருந்துத் துளிகள், முக்கியமாக உரத்தூள் ஆகியவை தங்குதல் ஆகாது. உரங்கள் ஈரத்தை இழுத்துக் கொள்பவை. பொட்டாஷ் உரத்தில் உள்ள குளோரைடு, கடல் உப்பைப் போலவே துருவை வளர்க்கும். உரமூட்டை ஏற்றிய டிரெய்லரின் தரைத்தகடு முதலில் ஓட்டையாவது இதனாலேயே.

கழுவுவதற்குக் காலை அல்லது மாலை நேரமே ஏற்றது. முதலில் தாராளமாக நீர் ஊற்றி மண்ணை ஊறவிட்டு ஓடச் செய்க. வறண்ட தூசியைத் துணியால் துடைப்பது தவறு. தூசியிலுள்ள மணற்பருக்கை வர்ணத்தைவிடக் கடினமானதால் ஆயிரம் கீறல்களை உண்டாக்கும். பின்னர் காரமில்லாத சோப்பு நீரும் பழந்துணியும் கொண்டு, மேலிருந்து கீழாகத் தேய்த்து அலம்புக. சலவைச் சோடாவும் காரமான துணிச்சோப்பும் கூடாது.

ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. அது வர்ணத்தின்மேல் தானாகக் காய்ந்தால் வெள்ளைத் திட்டுக்களை விட்டுச் செல்லும். ஆகையால் கழுவி முடிந்தவுடன் உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். கண்மாய் நீரோ சேமித்த மழைநீரோ கிடைப்பின் கடைசி அலசலுக்கு அதனை உபயோகிப்பது நன்று. கடினநீரின் தொல்லை அதில் குறைவு. கண்மாய் நீரை மட்டும் தெளிய வைத்து வடிகட்டிக் கொள்ளவேண்டும்.

மெழுகிடுதல்

எருக்கிலையை விரலால் தடவினால் வெண்மையான மாவு ஒட்டுகிறது. வறண்ட நிலத்துத் தாவரங்கள் பல இவ்வாறு தம் இலைமேல் மெழுகைப் பூசிக்கொண்டு நீர் வற்றாமல் காத்துக்கொள்கின்றன. பிரேஸில் தேசத்தின் வறண்ட வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து கிடைப்பதே கர்னூபா மெழுகு. வண்டிப் பாலிஷ்களில் சேர்வது இதுவே. இது உருக 80 டிகிரிக்கு மேல் உஷ்ணம் வேண்டும். நமது தேன்மெழுகோ 62 முதல் 64 டிகிரியிலேயே உருகிவிடும். கோடை வெயிலில் அது இளகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே கடையில் விற்கும் சாதாரண கர்னூபா பாலிஷில் சிறிய டப்பா ஒன்றை வாங்கினால், மிக மெல்லிதாகப் பூசும் பட்சத்தில், ஒரு டிராக்டருக்குப் பல முறை வரும்.

மெழுகு நீரையும் அழுக்கையும் ஒட்டவிடாது. புற ஊதாக் கிரணங்களைத் தடுக்கும் சக்தி அதற்கு மிகவும் குறைவு. எனவே நிழலுக்கு அது துணையாகுமேயன்றி, நிழலுக்குப் பதிலாகாது. பூசிய இடத்தில் நீரைத் தெளித்துப் பார்க்க. நீர் உருண்டு திரண்டு நின்றால் மெழுகு இருக்கிறது; பரவி நனைத்தால் மெழுகு போய்விட்டது, மறுபடியும் பூசவேண்டும்.

சிலர் டீஸல், மண்ணெண்ணெய், கழிவு எஞ்சின் எண்ணெய் முதலியவற்றால் வண்டியைத் துடைத்துப் பளபளப்பாக்குகின்றனர். அப்பளபளப்பு ஓரிரு நாளே நிற்கும். பிறகு தூசி படிந்து பசைபோல் ஒட்டிக்கொள்வதோடு, மெழுகு கரைந்துபோகும். ரப்பர்க் குழாய்களும் டயர்களும் ஊறி உப்பிப்போகும். இவ்வழக்கத்தை விட்டொழிப்பது நலம்.

போர்வையின் நன்மையும் தீமையும்

நமது குடியானவர்கள் அதிகமாகத் தவறுவது இவ்விஷயத்திலேயாம். நீல நிறப் பிளாஸ்டிக் பாய் ஒன்றை வண்டியின்மேல் போர்த்துக் கயிற்றால் இறுகக் கட்டிவிட்டுக் கவலையற்று இருக்கின்றனர். பாய்க்கு உள்ளே பகலில் ஈரம் ஆவியாகி, இரவில் அதே பாயின் அடிப்புறத்தில் நீராகப் படிந்து, தகட்டின்மேல் சொட்டுகிறது. காற்றில் பாய் படபடக்கும்போது, அடியில் சிக்கிய தூசி வர்ணத்தை அரம்போல் அராவுகிறது. சூடேறிய பாய் ஒட்டிய இடங்களில் தழும்பு விழுவதும் உண்டு. வைகாசியில் கட்டியதை ஆவணியில் அவிழ்க்கும்போது, வெயிலில் நின்ற வண்டியில் காணாத துருவை மூடிய வண்டியில் காணநேரும்.

போர்வையிடுவோர் பின்வரும் விதிகளை அனுசரிக்க வேண்டும்.

1. கழுவி முற்றும் உலராத வண்டியைப் போர்த்தலாகாது.

2. பிளாஸ்டிக் பாய் வர்ணத்தைத் தொடக்கூடாது. நான்கு கம்பு நட்டு, வண்டிக்கு மேல் ஓரடியாவது இடைவெளி விட்டு, ஒருபுறம் சாய்வாகக் கட்டினால் அது கூரையாகும், கெடுதல் செய்யாது.

3. தகட்டின்மேல் நேராகப் போர்த்துவதாயின், துவைத்த பழைய பருத்தி வேஷ்டியோ புடைவையோ தகும். வெள்ளையானால் சிறப்பு. பந்தலுக்கு அடியில் தூசி மறைப்பாக இது போதுமானது. மழை அறிகுறி கண்டால் எடுத்துவிடுக; நனைந்த துணி வர்ணத்தின்மேல் கிடத்தல் ஆகாது.

4. காலியான உரச்சாக்குகளால் வண்டியை மூடுவது எக்காரணத்தாலும் கூடாது. அவற்றில் ஒட்டியுள்ள உரம் பனியில் கரைந்து தகட்டில் இறங்கும்.

5. பதினைந்து நாளுக்கு ஒருமுறை காலை வேளையில் போர்வையை நீக்கி, இரண்டு மணி நேரம் காற்றாட விடவேண்டும்.

முன்னரே கெட்ட வர்ணத்திற்குச் செய்ய வேண்டியது

வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் எடுத்து, மறைவான ஓரிடத்தில் தேய்த்துப் பார்க்க. துணியில் வண்டியின் நிறம் ஏறினால், மேலே கண்ணாடிப் பூச்சு இல்லை என்று அறியலாம். அத்தகைய வர்ணம் சுண்ணம் பூத்திருந்தால், மென்மையான ரப்பிங் காம்பவுண்டை ஈரத்துணியில் எடுத்து லேசாகத் தேய்க்க, இறந்த மேற்படலம் நீங்கி அடியிலுள்ள நிறம் வெளிப்படும். உடனே மெழுகிட வேண்டும். ஒவ்வொரு தேய்ப்பிலும் வர்ணத்தின் கனம் குறைவதால், இதனை அடிக்கடி செய்யலாகாது. கண்ணாடிப் பூச்சு தோலாக உரிந்துவரும் வண்டிக்கு இம்முறை பயன்படாது. அவ்விடத்தைச் சுரண்டிப் புதிதாகப் பூசுவதே வழி.

துருப்பிடித்த கீறல்களைக் கண்டால், வண்டி முழுவதற்கும் வர்ணம் அடிக்கும் காலம் வரட்டும் என்று தாமதிக்கக் கூடாது. துருவை உப்புத்தாளால் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை தேய்த்து, துடைத்து, அன்றைக்கே ரெட் ஆக்ஸைடு பிரைமரை ஒரு கை பூசுக. நன்றாக உலர்ந்தபின் அதே நிற எனாமலை மெல்லிதாக இரண்டு கை பூசவேண்டும். உச்சி வெயிலிலும், பனி விழும் வேளையிலும் பூசுவது நிலைக்காது. கால் லிட்டர் பிரைமரும் கால் லிட்டர் எனாமலும் வீட்டில் இருந்தால் பல ஆண்டுகளுக்குச் சிறு பழுதுகளைத் தாமே தீர்த்துக்கொள்ளலாம்.

பெயின்டு கடையில் சொன்னால் நம்பிவிட வேண்டும் என்பதில்லை. கண்ணாரக் காண ஒரு சோதனையும் உண்டு. வர்ணம் பூசிய பழைய தகட்டுத் துண்டுகள் நான்கை ஒரே அளவாக வெட்டிக்கொள்க. ஒன்றை வெட்டவெளியில் வைக்க; இரண்டாவதற்கு மெழுகு பூசி அதனருகே வைக்க; மூன்றாவதைப் பிளாஸ்டிக் பாயால் இறுகச் சுற்றி வைக்க; நான்காவதை நிழல்வலைக்குக் கீழே ஓரடி தாழ்த்தி வைக்க. மாசியில் வைத்து ஆவணியில் நான்கையும் ஈர விரலால் தேய்த்து ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு வேறு போதனை வேண்டுவதில்லை. கிராமத்துப் பள்ளி மாணவர்களும் இதனைச் செய்து பார்க்கலாம். இதற்கும் பொறுமையில்லாதவர் தம் பழைய டிராக்டரின் நம்பர் பலகையைக் கழற்றி, அதன் அடியிலுள்ள நிறத்தையும் வெளியிலுள்ள நிறத்தையும் ஒப்பிடுக. நிழல் என்ன செய்யும் என்பதற்கு அதுவே சாட்சி.

மாதவாரி வேலைகள்

தை, மாசி: அறுவடை முடிந்ததும் கழுவுதல், துருக்கீறல்களைச் சரிசெய்தல், மெழுகிடுதல், பந்தலைச் செப்பனிடுதல். டீஸல் தொட்டியை நிரப்பி வைத்தால் உள்ளே நீர் கோப்பது குறையும். டயர்களிலும் நேர் வெயில் படாமல் பார்த்துக்கொள்க. ரப்பரையும் அக்கிரணங்கள் வெடிக்கச் செய்யும்.

பங்குனி முதல் வைகாசி வரை: பதினைந்து நாளுக்கு ஒருமுறை காற்றாட விடுதல், தூசியை நீரால் அலம்புதல், நீர் தெளித்து மெழுகைச் சோதித்தல். கோடை மழை பெய்த மறுநாள் போர்வை ஈரமாக உள்ளதா என்று அவசியம் பார்க்க வேண்டும்.

ஆனி, ஆடி: மேற்குத் தட்டியையும் இழுப்புக் கயிறுகளையும் சோதித்தல், பிய்ந்த வலையைத் தைத்தல்.

ஆவணி: மறுபடி கழுவி மெழுகிட்டு உழவுக்குத் தயார் செய்தல்.

ஐப்பசி, கார்த்திகை: வேலை நாட்களில் இரவு நேரத்திலாவது கூரையின்கீழ் நிறுத்துதல், வலைப்பந்தலாயின் அதன்மேல் தார்ப்பாயைச் சாய்வாகக் கட்டுதல்.

மேலே கூறியவற்றுள் காசு கொடுத்து வாங்கவேண்டியவை நிழல்வலை, ஒரு டப்பா பாலிஷ், கொஞ்சம் பிரைமரும் எனாமலும் மட்டுமே. கம்பும் ஓலையும் ஊரில் கிடைப்பன; பழந்துணி வீட்டில் உள்ளது. இவற்றையும் ஒரே சமயத்தில் வாங்க இயலாதவர், முதலாண்டு நிழலையும், அடுத்து துருக்கீறல் பழுதையும், அதற்கடுத்து மெழுகையும் கவனிக்கலாம். இவ்வரிசையை மாற்றி, வண்டியை வெயிலில் விட்டுவிட்டுப் பாலிஷுக்குப் பணம் இறைப்பதில் பயனில்லை. வண்டி மாடுகளுக்கு வேலையில்லாத கோடையிலும் கொட்டில் வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கடன்பட்டு வாங்கிய இந்த யந்திரத்திற்கும் ஒரு கொட்டிலைக் குடியானவர்கள் இவ்வாண்டு பங்குனிக்கு முன்பாகவே அமைத்துக்கொள்வார்களாக.